நிலுவை ஏதுமில்லை

நூலகம் கையெழுத்திட்டுவிட்டது.
கணக்குப் பிரிவு, குடியிருப்பு, வாகன நிறுத்தம்,
பத்து வருடமாக நான் எட்டிப் பார்க்காத உடற்பயிற்சிக் கூடம்,
எல்லாரும் எழுதித் தந்துவிட்டார்கள்
என்னிடம் அவர்களுக்கு நிலுவை ஏதுமில்லை என்று.
கடைசிக் கட்டம் மனிதவளம்.
அது நான்.

நேற்றுவரை நான்.
இன்று ஷம்சா உட்கார்ந்திருக்கிறாள் அந்தப் பக்கம்.
கவுண்டரின் இந்தப் பக்கம் நாற்காலி இவ்வளவு தாழ்வு என்று
இருபத்தாறு வருடத்தில் ஒருவரும் சொல்லவில்லை.
அல்லது சொன்னார்கள்; நான்தான்
பராமரிப்புக்கு ஒரு சீட்டு அனுப்பிவிட்டு மறந்தேன்.

சோஹாரில் இந்த வளாகம் எழும்புமுன்
ஒரு கன்டெய்னரில் இருந்தது எங்கள் அலுவலகம்.
ஏசி சொட்டும் இடத்தில் பிளாஸ்டிக் வாளி,
வாளியை ஒட்டி பாஸ்போர்ட் பெட்டி.
என் அப்பா பெயர் வியாகப்பன்.
அதில் பாதி எழுத்து அரபியில் கிடையாது என்றார் தட்டச்சர்.
அட்டையில் ஃபியாகபன் ஆனார்.
தூத்துக்குடி உப்பளத்தில் கணக்கு எழுதியவர்
கடல் தாண்டாமலே, தனக்கே தெரியாத பெயரில்
இருபத்தாறு வருடம் வளைகுடாவில் இருந்தார்.

எல்லாருடைய ரத்த வகையும் எனக்குத் தெரியும்.
முகங்கள்தான் குழம்பும்.
சூடான்காரர் இத்ரீஸ், நீர்வளப் பேராசிரியர், ஓ நெகட்டிவ்.
ஆகஸ்டு தோறும் ஒப்பந்தம் புதுப்பிக்க வந்து
கடைசிப் பக்கத்தை மட்டும் படிப்பார்.
"மீதியை நீ படித்திருப்பாய்."
'அருகிலுள்ள விமான நிலையம்' என்ற கட்டத்தில்
கார்ட்டூம் என்று எழுதிவந்தவர்
ஒரு வருடம் காலியாக விட்டார்.
கட்டாயக் கட்டம் அது, சிஸ்டம் ஏற்கவில்லை.
மஸ்கட் என்று நான் நிரப்பினேன்.
அவர் கேட்கவில்லை.

மொஸ்தாக்கைச் சொல்லாமலே முடித்துவிடலாம் என்றிருந்தேன்.
வேதியியல் ஆய்வக உதவியாளன்.
ஏழு வேலைநாள் வரவில்லை, போன் அணைந்திருந்தது.
விதியும் ஏழு நாள் என்றது.
எட்டாம் நாள் காலை, காபி ஆறுமுன்,
தலைமறைவு என்று அறிவிப்பு அனுப்பினேன்.
ஒரு எழுத்துப்பிழைகூட இல்லாத கடிதம்.
அவன் சஹம் மருத்துவமனையில்
பெயர் தெரியாத விபத்து நோயாளியாகக் கிடந்தான்.
அனுப்ப நான்கு நிமிடம்.
திரும்பப் பெறப் பதினொரு மாதம்.
அதற்குள் அவனுக்கு மகள் பிறந்து
தவழ்ந்து, எழுந்து நின்றுவிட்டாள்
என்று யாரோ பின்னால் சொன்னார்கள்.

ஊருக்குப் போகும் அன்று இதே கவுண்டருக்கு வந்தான்.
மூன்று மொழியில் மன்னிப்புத் தயாரித்து வைத்திருந்தேன்.
"மேடம், பேனா" என்றான்.
கையெழுத்திட்டான்.
மூடியைத் தேடி எடுத்துப் பொருத்தி
என் கைக்கு வாகாகத் திருப்பி வைத்தான்.
அடுத்த டோக்கன் எண் எரிந்தது.

"விலகும் காரணம், மிஸ்?"
ஷம்சா திரையை என் பக்கம் திருப்புகிறாள்.
ராஜினாமா, ஒப்பந்த முடிவு, பணிநீக்கம், மரணம், தலைமறைவு.
ஐந்தும் நான் தட்டியவை, மென்பொருள் மாற்றிய வருடம்.
ஆறாவதாக 'மற்றவை' சேர்க்கலாமா என்று யோசித்து,
சேர்த்தால் எல்லாரும் அதையே அமுக்குவார்கள் என்று
விட்டுவிட்டேன்.
"ஒப்பந்த முடிவு" என்றேன்.
விமான நிலையத்தை அவளே நிரப்பிக்கொண்டாள்.

பணிக்கொடை பைசா வரை சரியாக இருந்தது.
இருந்தும் இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன்.
அவள் பொறுமையாகக் காத்திருந்தாள்,
நான் யாருக்கும் காத்திராத அளவு.

ரவுண்டானா தாண்டி நெடுஞ்சாலை ஏறிய பிறகு
கறுப்புக் கண்ணாடி எடுக்கக் கைப்பைக்குள் துழாவினேன்.
பல்கலைக்கழக முத்திரை போட்ட நீலப் பேனா.
மூடி இல்லை, உள்துணியில் மை.
சற்றுமுன்தான் எழுதித் தந்திருந்தேன்
உடைமைகள் அனைத்தையும் ஒப்படைத்துவிட்டதாக.
அடுத்த யூ-டர்ன் நான்கு கிலோமீட்டர் என்றது பலகை.

வந்தது.
போயிற்று.